பானெட்டில் ஜன்னல் வைத்தவர்

நாற்றம் எனக்குத் தொழில். ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் அழுக்குத் துணி பிரிக்கிற மேஜைக்கு நான்தான் பொறுப்பு. எந்த விரிப்பு எந்த வார்டிலிருந்து வந்தது என்று மூட்டையை அவிழ்ப்பதற்கு முன்பே சொல்லிவிடுவேன். அங்கே ஒரு நாளும் எனக்குக் குமட்டியதில்லை. குமட்டல், அருவருப்பு எல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான். அதற்குக் காரணம் என் தங்கையின் புருஷன்.

தெருவில் அவருக்கு டிரில்லு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் எதிர் வீட்டுக்காரருக்கே தெரியாது. துளை போடும் மெஷின் ஒன்று எப்போதும் அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கும். எதைப் பார்த்தாலும் இதில் எங்கே ஓட்டை போடலாம் என்றுதான் அவருக்குத் தோன்றும். ஃப்ரிட்ஜ் சுடுகிறது என்று அதன் முதுகில் ஓட்டை போட்டார். அது அன்றோடு கண்ணை மூடியது. குளியலறையில் புழுங்குகிறது என்று கதவில் வரிசையாகத் துளை போட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் கதவின்மேல் துண்டைத் தொங்கவிட்டுக்கொண்டுதான் குளிக்கிறார்கள். அதே வீட்டின் மாடியில்தான் நான் குடியிருக்கிறேன். என் தபால் பெட்டியையும் அவர் விட்டுவைக்கவில்லை. மழைத் தண்ணீர் வடியட்டும் என்று அடியில் ஓட்டை போட்டார். தண்ணீரோடு சின்னக் கடிதங்களும் வடிந்து போயின.

கேட்டால், "காத்து போகணும் அண்ணி. எதுவா இருந்தாலும் காத்து போக வழி இருக்கணும்" என்பார். அதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு தெளிவு வரும் பாருங்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இரும்பு அலமாரி செய்கிற தொழிற்சாலையில் பெயின்ட் அடிக்கிறவராக இருந்தார். மீசை சரியாக முளைக்காத வயதில் சேர்ந்தவர். மூடிய அறைக்குள் பெயின்ட்டும் தின்னரும் புகையாக நிற்க, முகத்தில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்க அடிப்பார். அந்த வேலையோடுதான் என் தங்கையைக் கட்டிக்கொண்டார், ஒரு பெண்ணையும் பெற்றார். பெண் பெரியவளாகி இப்போது கல்லூரிக்குப் போகிறாள். போன வருடம் முதலாளி பெயின்ட் பிரிவை இழுத்து மூடி எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அதற்குள் என் தங்கை கேக் தொழிலில் கால் ஊன்றியிருந்தாள். அவளுக்கு வண்டி ஓட்ட ஆள் தேவைப்பட்டது, இவருக்குச் செய்ய ஏதாவது ஒரு வேலை தேவைப்பட்டது. நெற்றியில் எழுதியிருந்தது போல இரண்டும் சேர்ந்துகொண்டன.

அந்தத் தொழிலை ஆரம்பித்து வைத்ததும் இவர்தான், அதை நான் மறைக்கவில்லை. பெண்ணின் பிறந்தநாள் ஒன்றுக்குத் தங்கை வீட்டிலேயே ஒரு கேக் செய்தாள். ஒரு துண்டைத் தின்றுவிட்டு, "இதை நீ விக்கலாம்" என்று இவர் சொன்ன ஒரே சொல்லை நம்பி அவள் அடுப்பு வாங்கினாள். அன்றிலிருந்து புதிதாக எது செய்தாலும் முதல் துண்டு இவர் தட்டில்தான் விழும். கண்ணை மூடிக்கொண்டு மெல்லுவார். இவள் உதட்டைக் கடித்துக்கொண்டு பரீட்சை எழுதியவள் மாதிரி எதிரே நிற்பாள். "வாசனை இன்னும் கொஞ்சம் தூக்கலா இருக்கலாம்" என்பார். இல்லாவிட்டால், "போன தடவைய விட இது ஒரு படி மேல" என்பார். அவளுக்கு உச்சி குளிர்ந்து போகும். என்னிடம் மட்டும் கொடுக்கவே மாட்டாள். "உனக்கு எல்லாமே நாத்தம்தான்கா" என்று முடித்துவிடுவாள்.

இரவுச் சாப்பாடு எனக்கும் அவர்கள் வீட்டில்தான். நான் தனிக்கட்டை. ஒருத்திக்காக உலை வைக்கிற அலுப்பு எனக்கு வேண்டாம். ஆனால் அந்தச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். திரிந்த பாலில் போட்ட காப்பியை மடமடவென்று குடித்துவிட்டுக் கோப்பையை வைப்பார். முந்தின வாரத்துச் சட்டையைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்காருவார். வாரத்தில் ஒரு நாளாவது, "உப்பு கொஞ்சம் கம்மி" என்பார். இவளும் அவர் வாயிலிருந்து வந்தால் வேதம் என்று அள்ளிப் போடுவாள். எனக்கோ ரத்தக் கொதிப்பு. சாப்பிட்டு முடித்துவிட்டு மாடிப்படி ஏறும்போது அவரைக் கரித்துக் கொட்டிக்கொண்டேதான் ஏறுவேன்.

ஒரு தடவை வண்டிக்குள் எலி செத்துக் கிடந்தது. பானெட்டுக்கு அடியில், எஞ்சினுக்கும் பேட்டரிக்கும் நடுவில். மாடியில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கிற எனக்கே நாற்றம் எட்டியது. இவரோ தினமும் காலையில் பானெட்டைத் தூக்கி, தலையை உள்ளே விட்டு, ரேடியேட்டரில் தண்ணீர் பார்த்துவிட்டு, விசிலடித்துக்கொண்டே மூடுகிறார். தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தது. கடைசியில் நான் கீழே இறங்கி வந்து கத்தினேன். "அப்பிடியா அண்ணி?" என்று தேடிப் பார்த்து, வெறும் கையால் வாலைப் பிடித்து எடுத்துத் தூர எறிந்தார். கையைப் பேன்ட்டில் துடைத்தார். துடைத்த கையோடு உள்ளே போய்ச் சாப்பிட உட்கார்ந்தார். மனுஷனுக்குக் கூச்சநாச்சம் கிடையாது என்று அன்றைக்கு முடிவு கட்டினேன்.

இனி அந்த வண்டிக்கு வருகிறேன். வெள்ளை நிற வேன். முன்னால் குட்டை மூக்கு, அதற்குள் எஞ்சின். பின்னால் கேக் வைக்க இவரே செய்த தகர அலமாரி. தங்கைக்கு வருகிற வேலையில் முக்கால்வாசி ஒரே ஹோட்டலிலிருந்து வந்தது. அங்கே நடக்கிற விருந்து எல்லாவற்றுக்கும் கேக் இவள் பொறுப்பு. அதைப் பிடிப்பதற்கு அவள் அந்த ஹோட்டல் வாசலில் எத்தனை தரம் காத்துக் கிடந்தாள் என்று எனக்குத் தெரியும். ஹோட்டல் ஊரின் மறுகோடியில் இருக்கிறது. நடுவில் மார்க்கெட் சாலை. அந்தச் சாலையில் வண்டிகள் ஊர்ந்துதான் போக முடியும். ஊர்ந்தால் இந்த வேனுக்கு ஆகாது. சூடு காட்டுகிற முள் சரசரவென்று ஏறும். பானெட் இடுக்கிலிருந்து ஆவி வரும். இவர் ஓரமாக நிறுத்தி, தண்ணீர் ஊற்றி, அது ஆறுகிறவரை சாலையில் நிற்பார். பின்னால் கேக்கில் கிரீம் வழிந்துகொண்டிருக்கும்.

இரண்டு தரம் இப்படித் தாமதமாகிவிட்டது. ஹோட்டலின் தலைமைச் சமையல்காரர் அதிர்ந்து பேசாத மனுஷர். "இன்னொரு தடவ ஏதாவது ஆச்சுன்னா நான் வேற ஆளப் பாத்துக்குவேன்மா" என்று தங்கையிடம் சொல்லிவிட்டார். அந்த ஹோட்டல் போனால் தொழிலே போன மாதிரி. பெரிய அடுப்பை மூடி வைத்துவிட்டு, பழையபடி அக்கம்பக்கத்தில் துண்டு போட்டு விற்கப் போக வேண்டியதுதான்.

ஒர்க்‌ஷாப்காரர் பார்த்துவிட்டு ரேடியேட்டர் பழசு, விசிறியும் சரியில்லை, இரண்டையும் மாற்றச் சொன்னார். இவர் கேட்கவா போகிறார்? "அதெல்லாம் இல்லங்க. உள்ள வர்ற சூட்டுக்கு வெளிய போக வழியில்ல. பானெட்டுல ஜன்னல் வெக்கணும்."

"வெக்கலாம்தான்" என்றார் ஒர்க்‌ஷாப்காரர். "வெச்சா ரேடியேட்டருக்குப் பின்னாடி, நடுவுல வைங்க. முன்கண்ணாடி கிட்ட மட்டும் போகாதீங்க. அங்கதான் வண்டிக்குள்ள காத்து இழுக்கிற சல்லடை இருக்கு. எஞ்சின் சூடு வெளிய வந்து திரும்ப உங்க மூஞ்சிக்குதான் வரும். அதுவும் இந்த எஞ்சின்ல ஆயில் கசியுது. புகை, வாடை எல்லாம் சேந்து வரும்."

இந்தப் பேச்சு நடந்தபோது நானும் பக்கத்தில்தான் இருந்தேன். இவர் தலையை ஆட்டினார். வீட்டுக்கு வந்து பானெட்டைத் தூக்கிப் பார்த்தார். நடுவில் வெட்டினால் அடிச்சட்டம் குறுக்கே வருகிறது, மழை பெய்தால் தண்ணீர் நேராக ஒயர்கள் மேல் விழும். கண்ணாடிக்கு முன்னால் இரண்டு பக்கமும் சமமான, சட்டமில்லாத தகடு இருக்கிறது. வெட்ட வசதி. எது வசதியோ அங்கே வெட்டினார்.

"கண்ணாடி கிட்ட வேண்டாம்னு அந்தாளு சொன்னாரே?" என்றேன்.

"புகை வாடை வரும்னார். வந்தா தெரியாதா அண்ணி? வந்தா அடச்சிடலாம்."

ஜன்னலுக்கு அவர் கொண்டு வந்த தகடு எது என்று சொன்னால் உங்களுக்கும் குமட்டும். தொழிற்சாலையில் உடை மாற்றுகிற அறையில் ஆட்கள் செருப்பும் காலுறையும் வைக்கிற இரும்பு அலமாரிகள் உண்டு. நாற்றம் வெளியே போக அந்தக் கதவுகளில் சாய்வாகச் சாய்வாகக் கீற்று போட்டிருப்பார்கள். பழைய இரும்புக் கடையில் அப்படி ஒரு கதவைத் தேடிப் பிடித்து, கீற்று இருக்கிற பகுதியை மட்டும் அறுத்து எடுத்துக்கொண்டு வந்தார். எத்தனை பேர் கால் அழுக்கைக் குடித்த தகடோ அது. கேக் வண்டியின் நெற்றியில் அதைத்தான் வைக்கப் போகிறார். தங்கையிடம் சொன்னேன். "கழுவிட்டாருக்கா" என்றாள். தலையில் அடித்துக்கொண்டு மாடிக்குப் போனேன்.

வாசலில் வைத்தே வேலை நடந்தது. பானெட்டைக் கழற்றிப் பெஞ்சின் மேல் குப்புறப் போட்டு, அட்டையில் அளவு வெட்டி, கோடு கிழித்து, முதலில் மூலைகளில் துளை போட்டு, பிறகு ரம்பத்தால் அறுத்தார். கூச்சல் என்றால் அப்படி ஒரு கூச்சல். அறுத்த விளிம்பை அரத்தால் ராவி, கீற்றுத் தகட்டைப் பொருத்தி, ரிவெட் அடித்து, இடுக்கில் பசை பூசி, மேலே வெள்ளை பெயின்ட் அடித்தார். பொய் சொல்லக் கூடாது. அந்தப் பெயின்ட் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி இருந்தது. எங்கே பழைய தகடு முடிகிறது, எங்கே புதுசு ஆரம்பிக்கிறது என்று தடவிப் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை.

வண்டியும் சூடாகவில்லை. மார்க்கெட் சாலையில் வேண்டுமென்றே நெரிசலான நேரத்தில் போய் வந்தார். திரும்பி வந்து தங்கையை முன் சீட்டில் உட்காரவைத்து, கண்ணாடியை இறக்கி, எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு, "முள்ளப் பாரு. அசையுதா? அசையலல்ல?" என்று காட்டினார். முள் பாதியில் நின்றது. அவள் சிரித்தாள். ரொம்ப நாளுக்குப் பிறகு நிம்மதியாகச் சிரித்தாள். எனக்கோ என் கணிப்பு பொய்த்துப்போன எரிச்சல். சின்ன விருந்துகளுக்கு இரண்டு மூன்று தரம் கிரீம் இல்லாத கேக்குகளை இறுக்கி மூடிய டப்பாவில் கொண்டு போனார். புகார் எதுவும் வரவில்லை.

அதோடு விட்டிருந்தால் சரி. எஞ்சினுக்குக் காற்று கொடுத்தாயிற்று, கேக்குக்கும் கொடுக்க வேண்டாமா? ஓட்டுகிற சீட்டுக்கு முன்னால், வெளிக்காற்று வண்டிக்குள் வருகிற வாயில் ஒரு குழாயைச் செருகி, அதை ஐஸ் நிரப்பிய தெர்மாகோல் பெட்டி வழியாக ஓட்டி, பின்னால் கேக் அலமாரிக்குள் விட்டார். கிரீம் உருகாமல் ஜில்லென்று போய்ச் சேரும் என்றார். யோசனை எனக்கே நன்றாகத்தான் பட்டது. அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அந்தக் குழாயோடு போன முதல் கேக், ஒரு கல்யாண விருந்துக்கு ஆர்டர் வந்த நாலடுக்கு ஆரஞ்சு கேக். விருந்து சாயங்காலம். ஆனால் கேக் காலையிலேயே அங்கே போய்ச் சேர வேண்டும். தங்கை வழக்கம் போல அதே மாவில் செய்த சின்ன மாதிரித் துண்டை இவருக்குக் கொடுத்தாள். கண்ணை மூடி மென்று, "ஆரஞ்சு நல்லா எடுத்துக் குடுக்குது" என்றார். இன்னொரு மாதிரித் துண்டைத் தலைமைச் சமையல்காரருக்கென்று தட்டில் வைத்து, கேக்கோடு அலமாரியில் ஏற்றினாள். மேஜை அலங்காரத்துக்கு அவள் முன்னதாகவே பஸ்ஸில் போய்விட்டாள். கேக்கை இறக்கும்போது இன்னொரு கை வேண்டும் என்று என்னை வண்டியில் ஏற்றிவிட்டாள். எனக்கு அன்றைக்கு விடுமுறை.

மார்க்கெட் சாலையில் நுழைந்து வண்டி ஊர ஆரம்பித்ததும் எனக்கு மூக்கில் ஏறியது. கருகின ஆயில். அதற்கு மேலே ரேடியேட்டர் தண்ணீரின் தித்திப்பான ஒரு வாடை. அதற்கும் மேலே எதுவோ பழைய ரப்பர்.

"என்ன நாத்தம் இது?" என்றேன்.

"முன்னாடி லாரி போகுது பாருங்க" என்றார்.

லாரி போனதும், "இன்னும் நாறுதே" என்றேன்.

"எனக்கு ஒண்ணும் வரலையே அண்ணி. ஆஸ்பத்திரி வாடை உங்க மூக்குலயே தங்கிடுச்சோ என்னவோ."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. என் மூக்கையா சொல்கிறாய் என்று, முந்தானையால் முகத்தை மூடி, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, ஹோட்டல் வருகிறவரை ஒரு வார்த்தை பேசவில்லை. முள் மட்டும் பாதியில் ஆடாமல் நின்றது. இவர் அதைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துக்கொண்டு வந்தார்.

ஹோட்டல் சமையலறை மேஜையில் கேக்கை இறக்கினோம். துளி கிரீம் கலையவில்லை. தங்கை முகம் மலர்ந்து போய்ச் சர்க்கரைப் பூவைக் கையில் எடுத்துக்கொண்டு குனிந்தாள். குனிந்தவள் அப்படியே நின்றாள். அதற்குள் தலைமைச் சமையல்காரர் மாதிரித் துண்டில் ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டார். உடனே காகிதத் துண்டில் துப்பினார். வெண்ணெயும் கிரீமும் பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாடையை இழுத்துக்கொள்ளும். வழி நெடுக எஞ்சின் விட்ட மூச்சு முழுவதையும் அந்தக் கேக் குடித்திருந்தது.

"என்னம்மா இது?" என்றார் அவர்.

தங்கை சர்க்கரைப் பூவைக் கீழே வைத்தாள். "காலைல என் வீட்டுக்காரர் சாப்பிட்டுப் பாத்தப்புறம்தான் சார் ஏத்தினேன். இவர் நாக்கு தப்பவே தப்பாது."

சமையல்காரர் தட்டை இவர் பக்கம் நகர்த்தினார். "அப்ப நீங்களே சொல்லுங்க."

இவர் வழக்கம் போலக் கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு ஒரு பெரிய துண்டாக எடுத்து வாயில் போட்டார். கண்ணை மூடினார். நிதானமாக மென்றார். பாத்திரம் கழுவுகிறவர்கள்கூட வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"நல்லா இருக்கே சார்" என்றார். "ஆரஞ்சு வாசனை நல்லா எடுத்துக் குடுக்குது."

தங்கை அவர் தட்டிலிருந்து ஒரு விள்ளல் எடுத்து வாயில் வைத்தாள். குழாயடிக்கு ஓடினாள். தண்ணீர் ரொம்ப நேரம் ஓடியது. வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தவள் சமையல்காரரைப் பார்க்கவில்லை, கேக்கைப் பார்க்கவில்லை. மிச்சத் துண்டை மென்றுகொண்டிருந்த அவர் தாடையையே பார்த்தாள்.

"ஏங்க" என்றாள். "அதைத் துப்புங்க."

அவர் பயந்து போய் விழுங்கிவிட்டார். எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். எந்த முகத்தில் விடை இருக்கிறது என்று தேடுகிற பார்வை அது. அப்போதுதான் எனக்கும் புரிந்தது. இந்த மனுஷனுக்கு மூக்கு இல்லை. முகத்தில் இருப்பது வெறும் எலும்பும் சதையும்தான். எலி, திரிந்த பால், வாரக்கணக்கில் போட்ட சட்டை, எல்லாம் ஒரே சமயத்தில் என் கண் முன்னால் வந்து நின்றன.

"சாயங்காலத்துக்குள்ள வேற கொண்டு வந்தா வாங்கிக்கறேன்" என்றார் சமையல்காரர். "இல்லன்னா இதோட முடிச்சுக்கலாம்மா."

நாலடுக்குக் கேக்கை அப்படியே குப்பைத் தொட்டியில் கவிழ்த்தார்கள். வீடு திரும்புகிறவரை தங்கை கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். மார்க்கெட் சாலையில் வண்டி நின்று நின்று ஊர்ந்தபோது இவர் மெல்லிய குரலில், "முள்ளு அசையலப்பா" என்றார். பழக்க தோஷம். எனக்கு அறையலாம் போல் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு சமையலறைக்குள் போனாள். இவர் வாசற்படியில் நின்று, "நான் ஏதாவது..." என்று ஆரம்பித்தார். "வெளிய இருங்க" என்றாள். நான் முட்டை உடைத்தேன், பாத்திரம் கழுவினேன், வெந்த கேக்கை விசிறி ஆறவைத்தேன். நாலடுக்குக்கு நேரமில்லை, இரண்டடுக்குதான். மாதிரித் துண்டு வெந்ததும் யாரையும் கூப்பிடவில்லை. அவளே ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டு, சுவரைப் பார்த்தபடி மென்றாள். அது நன்றாக இருக்கிறதா இல்லையா என்று அவளுக்கே நிச்சயமில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அவளிடம் போய் நன்றாக இருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் சொன்னாலும் நம்புவாளா?

வாடகை ஆட்டோ ஒன்றைப் பிடித்து, மடியில் ஆளுக்கு ஓர் அடுக்காக வைத்துக்கொண்டு போனோம். தலைமைச் சமையல்காரர் ஒரு கரண்டி எடுத்தார். நிறைய நேரம் எடுத்துக்கொண்டார். "ம்" என்றார். பிறகு இன்னொரு கரண்டி எடுத்தார். "உங்க கை நல்ல கைம்மா. அந்த வண்டி மட்டும் இனிமே இந்த வாசலுக்கு வர வேண்டாம்."

ஹோட்டல் தப்பித்தது. ஆட்டோவில் திரும்பும்போது தங்கை அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. வீட்டு வாசலில் இறங்கியபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. இவர் கீற்றுத் தகடுகளைக் கழற்றி எறிந்துவிட்டு, பானெட்டின் ஓட்டைகள் மேல் முழுத்தகட்டை வைத்துச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் தட்டுவதை நிறுத்தினார்.

தங்கை வாசற்படியில் உட்கார்ந்தாள். "எப்பலேருந்து?" என்றாள்.

என்ன கேட்கிறாய் என்று அவர் கேட்கவில்லை. "பெயின்ட் ரூம்ல சேந்த கொஞ்ச நாள்லயே. கல்யாணத்துக்கு முன்னாடியே போயிடுச்சு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"பொண்ணு குடுக்க மாட்டாங்களோன்னு பயம். கட்டிக்கிட்டு வந்தப்புறம் சொல்லிடலாம்னுதான் இருந்தேன். நீ முதல் நாள் சமைச்சுப் போட்டுட்டு, எப்பிடி இருக்குன்னு கேட்ட. உன் மூஞ்சியப் பாத்துட்டு நல்லா இருக்குன்னேன். அப்புறம் அத மாத்த முடியல."

"உப்பு கம்மின்னு சொல்வீங்களே."

"உப்பும் இனிப்பும் நாக்குல தெரியும். மத்ததெல்லாம் பஞ்சு மாதிரிதான். தெரிஞ்சத சொன்னேன்."

"நீ விக்கலாம்னு சொன்னீங்களே. அத நம்பித்தானே நான் அடுப்பு வாங்கினேன்."

"பக்கத்து வீட்டுப் பசங்க தட்ட வழிச்சு நக்கினத பாத்தேன். அது பொய் இல்ல."

நான் அங்கேதான் நின்றேன். திட்டுவதற்கு எனக்கு எவ்வளவோ இருந்தது. இத்தனை வருடம் ஒருத்தியை எதிரே நிற்கவைத்து, கண்ணை மூடி நடித்துக்கொண்டிருந்த ஆளை நினைக்க நினைக்க, ஆஸ்பத்திரி மூட்டை எதுவும் தராத ஓர் அருவருப்பு எனக்குத் தொண்டைவரை வந்தது. என் ரத்தக் கொதிப்புக்கும் சேர்த்து ஒரு மூச்சுக் கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். தங்கை கையைக் காட்டி என்னை நிறுத்தினாள்.

"நம்ம பொண்ணு பொறந்தப்ப" என்றாள். "நர்ஸ் குழந்தைய உங்க கையில குடுத்தா. நீங்க அது தலையில மூக்க வெச்சு ரொம்ப நேரம் இருந்தீங்க. அப்புறம் என்னப் பாத்து, பால் வாசனை வருதுடின்னு சொன்னீங்க. நான் அழுதேன். ஞாபகம் இருக்கா?"

அவர் சுத்தியலின் பிடியையே பார்த்தார்.

"பக்கத்துக் கட்டில்காரரு அவரு குழந்தைய மோந்து பாத்துட்டு அப்பிடித்தான் சொன்னாரு" என்றார். "நானும் அப்பிடித்தான் சொல்லணும்னு நெனச்சேன்."

தங்கை எழுந்து உள்ளே போனாள். முன்னறையில் பெண் மேஜையில் புத்தகத்தை விரித்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். வெளியே நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது, காதில் ஹெட்ஃபோன் மாட்டிப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். தங்கை பின்னால் போய் அவள் தலையை இரண்டு கையாலும் பிடித்து, உச்சியில் மூக்கை வைத்தாள். எடுக்கவே இல்லை.

"என்னம்மா இது, விடு" என்று பெண் நெளிந்தாள். "தலை குளிக்கலம்மா, ச்சீ."

தங்கை விட்டுவிட்டு வாசலுக்கு வந்தாள். பழையபடி படியில் உட்கார்ந்தாள்.

"நேத்து வெச்ச எண்ணெய் சிக்கு வாடை" என்றாள் அவரிடம். "வெயில்ல போயிட்டு வந்த வேர்வை. காதோரத்துல சோப்பு வாசனை கொஞ்சம் மிச்சம் இருக்கு. பால் வாசனை எப்பவோ போயிடுச்சுங்க. இப்ப இதான்."

அவர் சுத்தியலைக் கீழே வைத்தார்.

"இன்னொரு தடவ சொல்லு" என்றார்.

அவள் சொன்னாள்.